ஆதியாகமம் 1-இல் ஆணும் பெண்ணும் ஒன்றாக, 2-இல் ஆதாம் முதலில்: பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

அயனாவரம் தாத்தா

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில், பெட்டியின் கூடு செய்கிற ஷெல் பிரிவில், 32 வருஷம் வெல்டராக இருந்தவன் நான். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. வேதசாஸ்திரம் படித்தவன் இல்லை. எங்கள் சபையில் ஞாயிறு காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். மொத்தம் 14 பேர். மழை பெய்தால் ஐந்து பேர்.

இந்த மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு எனக்கு ஒதுக்கிய பாடம் மனுஷனின் சிருஷ்டிப்பு. வழக்கமாக ஒரு படத்தைக் கொடுத்துக் கலர் அடிக்கச் சொல்வோம். ஆதாமுக்கு முன்னால் ஒரு புதர், ஏவாளுக்கு நீளக் கூந்தல், இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். எனக்கு அது சலித்துவிட்டது. "தேவனாகிய கர்த்தர் மனுஷனைப் பூமியின் மண்ணினாலே உருவாக்கி, ஜீவசுவாசத்தை அவன் நாசியிலே ஊதினார்" என்றுதானே எழுதியிருக்கிறது, மண்ணையே கையில் கொடுத்துவிடலாம் என்று ஆட்டோ பிடித்துக் கொசப்பேட்டைக்குப் போனேன். விநாயகர் சதுர்த்திக்கும் கொலுவுக்கும் பொம்மை செய்கிற தெரு அங்கே இருப்பது வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து அச்சிலிருந்து பொம்மை எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு கிலோ பிசைந்த மண் வேண்டும் என்றேன். "என்னா பொம்மை செய்யப் போறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். முதல் மனுஷன், பேர் ஆதாம், எங்கள் வேதத்தில் கடவுள் மண்ணை எடுத்துத் தன் கையால் செய்தார் என்று. அவர் சிரித்துவிட்டார். "அப்போ உங்க கடவுள் எங்க ஆளு" என்று சொல்லி ஒரு கை மண் கூடப் போட்டுக் கொடுத்தார்.

பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சாண் உயரத்தில் ஆதாம் செய்தார்கள். ஒருத்தன் ஆதாமுக்குக் கண்ணாடி போட்டான், விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து வெயிலில் வைத்தோம். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் 14 ஆதாம்களில் 11 பேருக்குக் கழுத்தில் விரிசல். இரண்டு பேருக்குக் கால் தனியே கிடக்கிறது. நான் வைத்த வெல்டிங்கில் இப்படி விரிசல் வந்திருந்தால் சார்ஜ்மேன் என்னைத் தொங்கவிட்டிருப்பார்.

சரி, அது போகட்டும். இப்போது என் சிக்கல்.

வகுப்பில் ஒரு பெண், பத்து வயது. வீட்டில் வேதாகமத்தை எடுத்து அவளே படித்திருக்கிறாள். "தாத்தா, ஒண்ணாம் அதிகாரத்துல மீன், பறவை, மிருகம் எல்லாம் முதல்ல, அப்புறம் ஆணும் பெண்ணும் சேர்ந்து வர்றாங்க. ரெண்டாம் அதிகாரத்துல ஆதாம் முதல்ல, அப்புறம் மிருகம், கடைசியிலதான் ஏவாள். எது கரெக்ட்?" என்றாள். நான் 19 வருஷமாக இந்த வகுப்பை எடுக்கிறேன். இதைக் கவனித்ததே இல்லை. "ரெண்டும் கரெக்ட்தாம்மா, வா ஜூஸ் குடி" என்று சமாளித்தேன். அவள் ஜூஸைக் குடித்தாள், ஆனால் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! டிக்கெட் எடுக்காதவனைப் பரிசோதகர் பார்க்கிற பார்வை.

இன்னொருத்தன் ஏழாவது படிக்கப் போகிறவன். மனுஷன் குரங்கிலிருந்து வந்தான் என்று யூடியூபில் பார்த்தானாம், அப்போது களிமண் எதற்கு என்று கேட்டான்.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றையும்விடக் கஷ்டம். கால் உடைந்த ஆதாமை வைத்திருந்த பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுவும் தேவசாயல்தானா?" என்றான். தேவன் மனுஷனைத் தம் சாயலாக உண்டாக்கினார் என்று முதல் அதிகாரத்தில் இருக்கிறதே, அது. பொம்மையைப் பற்றித்தான் கேட்டான். ஆனால் அவன் அண்ணனுக்கு 15 வயது, நடக்க வராது, பேச வராது, சக்கர நாற்காலியில்தான் ஆராதனைக்குக் கூட்டி வருவார்கள். அது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

வருகிற ஞாயிறு பதில் சொல்கிறேன் என்று மூன்று பேரிடமும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து எளிமையாக.

வசனமே விளக்கு

பிரதர், இதில் குழப்பமே இல்லை. முதல் அதிகாரம் ஆறு நாட்களின் சுருக்கம். இரண்டாம் அதிகாரம் அந்த ஆறாம் நாளை மட்டும் கிட்டே போய்க் காட்டுகிறது. 2:19-இல் மிருகங்களை "உருவாக்கி" என்று இருப்பதை, ஏற்கெனவே உருவாக்கியிருந்தவற்றை ஆதாமிடம் கொண்டுவந்தார் என்று வாசித்தால் போதும், அப்படி மொழிபெயர்த்த வேதாகமங்களும் உண்டு. இயேசுவே மத்தேயு 19-இல் இரண்டு அதிகாரத்தையும் சேர்த்தே மேற்கோள் காட்டுகிறார், ஒன்றுக்கொன்று முரண் என்று அவர் நினைக்கவில்லை. பிள்ளைகள் மனதில் சந்தேகத்தை விதைக்காமல் இதைச் சொல்லுங்கள். குரங்குக் கதைக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

பாதியில் விட்ட செமினரி

அங்கிள், வணக்கம். நான் இரண்டு வருஷம் இறையியல் படித்துவிட்டுக் குடும்பச் சூழ்நிலையால் நிறுத்தியவள். இப்போது வங்கியில் வேலை. எபிரெயு எழுத்து மட்டும் மறக்கவில்லை.

முதலில் அந்தப் பெண்ணுக்கு என் சார்பில் ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுங்கள். அவள் கேட்டது வேத ஆராய்ச்சியாளர்கள் 250 வருஷத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வி. மேலே பிரதர் சொன்னது ஒரு பழைய விளக்கம், அதை மதிக்கிறேன். மத்தேயு 19 பற்றி அவர் சொன்னதும் உண்மை. ஆனால் எபிரெயுவில் 2:19-ஐ நேராக வாசித்தால் ஆதாமுக்குத் துணை தேடுகிறார், அதனால் மிருகங்களை உருவாக்குகிறார் என்றுதான் கதை ஓடுகிறது. வரிசை வேறுதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றை அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதல் அதிகாரம் முழுக்க "தேவன்" என்று மட்டும் வரும். 2:4-இலிருந்து "தேவனாகிய கர்த்தர்" என்று மாறிவிடும். இதற்கு எபிரெயு வேண்டாம், நம் பழைய தமிழ் வேதாகமத்திலேயே தெரியும். இரண்டு வேறு கைகள் எழுதிய இரண்டு பழைய மரபுகள் இவை, தொகுத்தவர்கள் ஒன்றை அழித்துவிட்டு மற்றொன்றை வைக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள் என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து. வரிசை இடிப்பது அவர்களுக்கும் தெரியாமல் இருந்திருக்காது, அடுத்தடுத்த பக்கம்தானே.

நீங்கள் மண் வாங்கியது ரொம்பச் சரி. "ஆதாம்" என்பது முதலில் பெயரே இல்லை, மனிதன் என்று பொருள். "அதாமா" என்றால் நிலம், மண். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணன் என்று தமிழில் சொன்னால் எப்படியோ, அப்படி ஒரு சொல் விளையாட்டு. "உருவாக்கி" என்ற இடத்தில் வரும் வினைச்சொல்லும் குயவர் வேலைக்கு உரியதுதான். எரேமியா 18-இல் குயவன் வீட்டுக்குப் போகிறாரே, அங்கே குயவனுக்கு வரும் சொல் இதே வேரிலிருந்து வந்தது. அதனால் கொசப்பேட்டைப் பெரியவர் "எங்க ஆளு" என்றது விளையாட்டாக இருந்தாலும் மூலபாஷைப்படி சரி.

"சாயல்" விஷயத்துக்கு வருகிறேன். 1:26-இல் அதற்கு எபிரெயுவில் உள்ள சொல் சிலைக்கும் வரும். தானியேல் 3-இல் நேபுகாத்நேச்சார் 60 முழ உயரத்தில் நிறுத்தினானே பொற்சிலை, அதற்கும் இதே சொல்தான், அரமேய உருவில். அந்தக் காலத்து எகிப்திலும் மெசொப்பொத்தாமியாவிலும் "கடவுளின் சாயல்" என்று ராஜாவைத்தான் சொல்வார்கள். தான் நேரில் போக முடியாத இடத்தில் தன் அதிகாரத்தைக் காட்ட ராஜா சிலை நிறுத்துவான். தீவுத்திடல் பக்கம் குதிரையில் வெள்ளைக்கார கவர்னர் மன்றோ சிலை நிற்கிறதே, அதைப் பார்த்தால் ஓரளவு புரியும். அவர் இறந்தது 1827-இல், சிலை வந்தது 1839-இல். ஆள் போய்விட்டார், ஆட்சி இருக்கிறது என்று சொல்ல ஒரு வெண்கல உருவம்.

பாபிலோனில் மனிதன் உண்டான கதைகள் வேறு மாதிரி. தெய்வங்களுக்குக் கால்வாய் வெட்டி அலுத்துப் போனது, அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்று களிமண்ணில் ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் கலந்து மனிதனைச் செய்தார்கள் என்று ஒரு கதை. கூலிக்கு ஆள் எடுத்த கதை! கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர்கள் சிறைப்பட்டுப் போய் வாழ்ந்தது அந்த ஊரில்தான். முதல் அதிகாரம் அந்தக் காலத்தை ஒட்டி இப்போதைய வடிவம் பெற்றது என்பது பலருடைய கருத்து. தோற்றுப்போன ஜனம் ஒன்று, ஜெயித்தவன் ஊரில் உட்கார்ந்து, "ராஜா மட்டும் இல்லை, ஆணும் பெண்ணுமாக எல்லாருமே தேவசாயல்" என்று எழுதுகிறது. இந்தத் துணிச்சலை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

பெண் பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். "ஏற்ற துணை" என்பதில் துணைக்கு வரும் எபிரெயுச் சொல் "ஏசெர்". கைவேலைக்கு எடுபிடி என்று அர்த்தமில்லை. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்" என்று 121ஆம் சங்கீதத்தில் பாடுகிறோமே, அந்த ஒத்தாசையும் அதுதான். பழைய ஏற்பாட்டில் பெரும்பாலும் கடவுளுக்குத்தான் அந்தச் சொல் வரும். உங்கள் தெருவில் எபினேசர் என்று பேர் வைத்தவர் நாலு பேராவது இருப்பார்கள், அந்தப் பேருக்குள்ளும் அது இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு யோசித்துவிட்டு வருகிறேன்.

சாந்தோம் டீச்சர்

ஐயா, நான் கத்தோலிக்கப் பெண். மேல்நிலை வகுப்புகளுக்கு 28 ஆண்டுகள் உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன். உங்கள் ஏழாம் வகுப்புப் பையன் எனக்கு நன்றாகத் தெரிந்தவன் போல இருக்கிறான், ஒவ்வொரு ஆண்டும் ஒருவன் இப்படி எழுந்து நிற்பான்.

முதலில் குரங்கைத் திருத்திவிடுவோம். இப்போது மரத்தில் இருக்கும் குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பொதுவான மூதாதை இருந்தது, அங்கிருந்து இரண்டு கிளை பிரிந்தது. அவ்வளவுதான். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் பழமையானவை.

எங்கள் திருச்சபை இதைக் கண்டு பயப்படவில்லை. 1950-இல் திருத்தந்தை 12ஆம் பயஸ், மனித உடல் முன்பிருந்த உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மாவைக் கடவுளே நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது என்று எழுதினார். 1996-இல் 2ஆம் ஜான் பால் (எங்கள் வீட்டில் அருள் சின்னப்பர் என்போம்) பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று அறிவியல் கழகத்துக்குச் செய்தி அனுப்பினார். அதற்கெல்லாம் 1500 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் ஆறு நாட்களை நம் கடிகார நாட்களாக எடுக்கவில்லை. விதைக்குள் மரம் போல எல்லாமே தொடக்கத்திலேயே வைக்கப்பட்டு, காலம் வரும்போது வெளிப்பட்டது என்று யோசித்தவர் அவர். டார்வினைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை!

பையனை ஒருநாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவின் பழைய கற்காலம் என்ற படிப்பே அங்கிருந்துதான் ஆரம்பம். அதே ஆண்டு அத்திரம்பாக்கத்திலும் கண்டெடுத்தார்கள், அங்கே அடி அடுக்குகளில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று கணித்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற மனிதன் வருவதற்கே வெகு முன்னால், திருவள்ளூர்ப் பக்கம் யாரோ கல்லை உடைத்துக் கையில் பிடிக்க வாகாகச் செய்திருக்கிறார்கள். நான் ஒவ்வொரு முறை அதைப் பார்க்கும்போதும் அந்தக் கையைத்தான் நினைப்பேன். அந்தக் கைக்குச் சாயல் இருந்ததா, அதற்குள் மூச்சு ஊதப்பட்டிருந்ததா? எனக்கு விடை கிடையாது. கேள்வி பிடித்திருக்கிறது.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாயிருக்கிறாய் என்று நினைவுபடுத்துவார்கள். உயிரியல் டீச்சராக எனக்கு அதில் எந்தத் தகராறும் இல்லை. உடம்பில் உள்ள கால்சியமும் இரும்பும் பாஸ்பரசும் வேறு எங்கிருந்து வந்தன?

அயனாவரம் தாத்தா

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன், மனைவி திட்டுகிறாள்.

செமினரி மகள் சொன்னதைப் படிக்கும்போது எனக்குச் சட்டென்று எங்கள் பட்டறை, அதாவது ஷெல் ஷாப், ஞாபகம் வந்தது. ஒரு ரயில் பெட்டிக்கு டிராயிங் ஆபீசில் ஒரு படம் இருக்கும். சுத்தமான காகிதம், எல்லாம் எண் போட்டு வரிசையாக, எல்லாம் அளவோடு. அதில் எண்ணெய்க் கறை இருக்காது. கீழே ஷாப்பில் என் கையில் இருப்பது ஜாப் கார்டு. அது கசங்கி, கறுத்து, ஓரம் கிழிந்திருக்கும். எந்தத் தகடு முதலில், எந்த மூட்டு அப்புறம் என்பது அதில் வேறு. முதல் அதிகாரத்தில் தேவன் "உண்டாகக்கடவது" என்று சொல்கிறார், உண்டாகிறது, நல்லது என்று கண்டார், ஒரு நாள் முடிந்தது. டிராயிங் ஆபீஸ். இரண்டாம் அதிகாரத்தில் மண்ணில் கை வைக்கிறார், ஊதுகிறார், தோட்டம் போடுகிறார், துணை சரியாக அமையவில்லை என்று பார்த்து மறுபடி வேலை செய்கிறார். ஷாப். பெட்டி ஒன்றுதான்.

இதைப் பிள்ளைகளிடம் சொல்லலாமா?

சாந்தோம் டீச்சரம்மா, கால்சியம், இரும்பு சொன்னீர்களே, அதைப் பையனுக்கு வைத்துக்கொண்டேன். இரும்பு என்றால் எனக்கும் கொஞ்சம் பேசத் தெரியும்.

வசனமே விளக்கு பிரதருக்கு: உங்கள் விளக்கத்தையும் வகுப்பில் சொல்லுவேன், மறைக்க மாட்டேன். ஆனால் சந்தேகத்தை நான் விதைக்கவில்லை பிரதர். அந்தப் பிள்ளை வேதத்தைத் திறந்து வாசித்ததால் வந்தது அது. வாசிக்காதே என்று நான் சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்வி இன்னும் தொண்டையில் நிற்கிறது. எங்கள் காலத்து ஆயர் ஒருவர், மிருகத்துக்கு இல்லாத பகுத்தறிவுதான் தேவசாயல் என்று பிரசங்கம் செய்வார். நானும் அதையே சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறேன். அப்படியென்றால் அந்தப் பையனின் அண்ணனுக்கு நான் என்ன சொல்லியிருக்கிறேன்? இத்தனை வருஷமாக?

மூன்றாம் பெஞ்ச்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் ஐயா. சாயல் எல்லாருக்கும் என்று மேலே வாசித்தேன், சந்தோஷம். எங்கள் ஊரில் ஆராதனைக்கு ஒரே கோயில். "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி" என்று அப்போஸ்தலர் 17-ஐ வாசிப்பார்கள், ஆமென் சொல்வோம். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் அவர்கள் பக்கம், எங்கள் பக்கம். என் அப்பாவை அடக்கம் செய்யும்போது "மண்ணுக்கு மண்ணாக" என்று ஆயர் மூன்று பிடி மண் போட்டார். எந்தப் பக்கத்து மண்ணை எடுத்தார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பன்னிரண்டு வயதில் எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அயனாவரம் தாத்தா

தம்பி, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் சபையில் கல்யாணப் பேச்சு வரும்போது நடப்பது எனக்கும் தெரியும், நானும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பெரிய பிள்ளைகள் வகுப்பில் சொல்லுவேன்.

பாதியில் விட்ட செமினரி

அங்கிள், டிராயிங் ஆபீஸ் உவமை அருமை, திருடிக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: ரொம்ப இழுக்காதீர்கள். ஜாப் கார்டு டிராயிங்குக்குக் கட்டுப்பட்டது. இரண்டாம் அதிகாரம் முதல் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டது இல்லை. இன்னும் சொன்னால் அதுதான் வயதில் மூத்தது என்று ரொம்ப நாள் பாடமாக இருந்தது.

உங்கள் பழைய ஆயரைக் குறை சொல்ல வேண்டாம். அகுஸ்தினார் சாயலை நினைவிலும் அறிவிலும் சித்தத்திலும் தேடினார், அக்குவினாஸ் அறிவில் வைத்தார். பெரிய பெரியவர்கள். ஆனால் ஆதியாகமத்தில் எங்கேயும் சாயல் என்றால் அறிவு என்று எழுதவில்லை. அது கிரேக்கத் தத்துவம் படித்தவர்கள் கொண்டுவந்தது.

5:3-ஐ எடுத்துப் பாருங்கள். ஆதாம் "தன் சாயலாகத் தன் ரூபத்தின்படியே ஒரு குமாரனைப் பெற்று, அவனுக்குச் சேத் என்று பேரிட்டான்." முதல் அதிகாரத்தில் வந்த அதே இரண்டு சொற்கள்தான், இங்கே அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில். சேத் என்ன சாதித்தான், பேசினானா, நடந்தானா என்று ஒரு வார்த்தை கிடையாது. பிறந்தான், பேர் வைத்தார்கள், சாயல் இருந்தது. நோவா காலத்து ஜலப்பிரளயத்துக்கு அப்புறமும், 9:6-இல், மனுஷனைக் கொல்லக் கூடாது என்பதற்குக் காரணமே அவன் தேவசாயலாக உண்டாக்கப்பட்டதுதான். எந்த மனுஷன் என்று பிரிக்கவில்லை. யாக்கோபு 3:9-இல் நாக்குக்குக் கடிவாளம் போடுவதும் இதே காரணத்துக்காக.

புதிய ஏற்பாட்டில் கிறிஸ்துவே "அதரிசனமான தேவனுடைய தற்சுரூபம்". அவரும் கடைசியில் கையும் காலும் அசைக்க முடியாமல்தான் தொங்கினார். அப்போது சாயல் குறைந்துவிட்டதா? இதைப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரியும்.

அயனாவரம் தாத்தா

ஞாயிறு முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சிலர் தனிச் செய்தியில் கேட்டிருந்தீர்கள்.

சனிக்கிழமை மறுபடி கொசப்பேட்டை போனேன், உடைந்த ஆதாம் ஒருவரைக் கையோடு எடுத்துக்கொண்டு. பெரியவர் திருப்பிப் பார்த்தார். "வெயில்ல வெச்சீங்களா? மேல் தோல் காஞ்சி சுருங்குது, உள்ள ஈரம் அப்படியே நிக்குது, பிளக்காம என்ன செய்யும்? நிழல்ல, ஈரத்துணி போத்தி, மெதுவா" என்றார். அப்புறம் பொம்மையைக் கையில் எடை பார்த்தார். "இது ஒரே கட்டி. சூளையில வெச்சா வெடிச்சிடும். உள்ள காலியா இருக்கணும், காத்து போக ஒரு ஓட்டை வுடணும்."

ஓட்டை எங்கே விடுவீர்கள் என்று கேட்டேன். வழக்கமாக அடியில்தான், ஆனால் எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்றார். நான் மூக்கில் விடலாமா என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "வுடலாமே, சின்னதா" என்றார்.

உடைந்ததை என்ன செய்வது என்றும் கேட்டேன். சுடாத மண் என்றால் தண்ணீரில் போட்டு ஊறவைத்தால் மறுபடி பிசையலாம், சுட்டது என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பதினொரு பேரையும் வாளியில் ஊறப்போட்டேன்.

வகுப்பில் முதலில் அந்தப் பெண்ணிடம், போன வாரம் தாத்தா நழுவினேன், நீ கேட்டது சரியான கேள்வி என்றேன். அவளையே எழுப்பிப் பலகையில் இரண்டு வரிசையையும் எழுதச் சொன்னேன். "தேவன்", "தேவனாகிய கர்த்தர்" வித்தியாசத்தை இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்தாள். டிராயிங், ஜாப் கார்டு எல்லாம் சொன்னேன். பிரதர் சொன்ன விளக்கத்தையும் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி தாத்தா, ஆனா நிஜமா எது முதல்ல நடந்துச்சு?" என்றாள். தெரியாதும்மா என்றேன். இந்த முறை அந்தப் பார்வை இல்லை. ஜூஸும் கொடுக்கவில்லை.

யூடியூப் பையனுக்குப் பல்லாவரம் கோடரி ரொம்பப் பிடித்துவிட்டது. பல்லாவரத்தில் அவன் அத்தை வீடு இருக்கிறதாம், தோண்டப் போகிறேன் என்கிறான். அத்தை என்னைத் தேடி வராமல் இருக்க வேண்டும்.

மூன்றாவது பையனுக்கு 5:3-ஐ வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். உன் அப்பா ஆராதனை முடிந்ததும் உன் அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கிறாரே, அப்போது இரண்டு பேர் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். காது அப்படியே அப்பா காது என்றான். வேறு எதுவும் நான் சொல்லவில்லை, சொல்ல வரவும் இல்லை. சிலுவையைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன், அப்போது அது தேவைப்படவில்லை.

ஊறிய மண்ணைப் பிசைந்து மறுபடி செய்தோம். உள்ளே காகிதச் சுருள் வைத்துக் காலியாக, மூக்கில் ஊக்கு நுனியால் ஓட்டை. காகிதம் சூளையில் எரிந்து போய்விடும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். பையன் தன் பங்கில் பாதியைத் தனியாக எடுத்து வைத்தான். அண்ணனுக்காம். ஆராதனை முடிந்து, சக்கர நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பலகை வைத்து, மண்ணை உருண்டையாக அதன்மேல் வைத்தோம். அந்தப் பையன் கையை வைத்து அமுக்கினான். நாலு விரல் நன்றாகப் பதிந்தது, கட்டைவிரல் கொஞ்சம் கோணல். அதற்கு "அதாமா" என்று பேர் வைக்கலாம் என்று தம்பிக்காரன் சொன்னான். அந்தச் சொல்லை அவனுக்கு நான்தான் அன்று காலையில் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

எல்லாம் இப்போது மாடிப்படிக்குக் கீழே நிழலில் இருக்கிறது. பத்து நாளாவது காய வேண்டும், அப்புறம் பெரியவர் தன் சூளையிலேயே ஓரமாக வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். இந்த வெயிலில் துணி மூன்று மணி நேரத்தில் காய்ந்துவிடுகிறது. போய் நனைத்துவிட்டு வருகிறேன்.